வாய் கீறிய டப்பா

பெட்ரோல் பங்க்கில், கல்லாவுக்குப் பக்கத்தில்,
ஒரு காப்பி டப்பா.
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
அதன் மேல் ஒட்டியிருப்பது நான்.

படத்தை எடுத்துக் கொடுத்தவள் லவோன்.
டெவில்ஸ் லேக்கில், உறைந்த ஏரிமேல்,
இரண்டு காலில் நின்றபடி
முழங்கை நீள மீனைத் தூக்கிக் காட்டுகிறேன்.
“இப்போ இருக்கிற படத்தைப் போட்டிருக்கலாமே?”
“நிக்கிறவனுக்குத்தான் ஜனங்க போடுவாங்க,” என்றாள்.
பதினோரு வருஷம் தானியக் கிடங்கில் கணக்கெழுதியவள்.
எது எங்கே விலைபோகும் என்று தெரியும் அவளுக்கு.

வண்டி இருபத்தெட்டாயிரம் டாலர்.
தளத்தை அறுத்துத் தாழ்த்தி
பக்கக் கதவில் மடங்கி விரியும் சாய்பலகை வைக்க
இன்னும் முப்பத்தோராயிரம்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்.
அந்தச் சுமை நான்தான்.

ஃபார்கோ விற்பனைக்காரன்
தவணையைப் பத்து வருஷத்துக்கு இழுத்துக் காட்டினான்.
இன்னும் பத்து வருஷம் நான் இருப்பேன் என்று
டாக்டர்கூட
இத்தனை உறுதியாகச் சொன்னதில்லை.

காப்பீட்டுக் கடிதம் மூன்று பக்கம்.
நாற்காலி மருத்துவம்.
நாற்காலியின் மெத்தையும் மருத்துவம்.
நாற்காலி போகவேண்டிய இடம் எதுவும்
மருத்துவம் இல்லை.
வாசல்படி வரைக்கும் நோயாளி,
தாண்டினால் உல்லாசப் பயணி.

லூத்தரன் சபையின் அடித்தளத்தில் எனக்காக
பான்கேக் விருந்து வைத்தார்கள்.
அடித்தளத்துக்கு லிஃப்ட் கிடையாது.
மேலே, கோட்டு மாட்டும் அறையில்,
ஈரக் கம்பளி வாசனைக்குள் உட்கார்ந்து
தரை வழியாக வந்த சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒரு தட்டு ஏற்றி அனுப்பினார்கள்,
சிரப் தனிக் கிண்ணத்தில்.
வசூல் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதில் ஒரு கனடா நாணயம்.

மீன்பிடிக் குடிசையை மைத்துனனுக்கு விற்றேன்.
பனிவண்டியை முன்பின் தெரியாத ஒருவனுக்கு.
மைத்துனன்தான் பேரம் பேசினான்.

ரக்பியில் பழைய வண்டி ஒன்று இருப்பதாகச் சேதி வந்தது.
ஆர்டிஸ் க்வாமியின் கொட்டகை.
புருஷன் அக்டோபரில் போய்விட்டார்,
வண்டி மட்டும் நிற்கிறது.
மைனஸ் பதினெட்டில் எங்கள் மூச்சு வெள்ளையாகத் தொங்க
லவோன் எல்லாவற்றையும் சொன்னாள்:
கூரையிலிருந்து விழுந்தது, காப்பீடு, பான்கேக்.
பையிலிருந்து படத்தையும் எடுத்து நீட்டினாள்.

ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.
“நல்ல மீன்,” என்றாள்.
“பதினாறாயிரத்து ஐந்நூறு.”

லவோனின் முகம் சுருங்கிப்போனது.
எனக்கோ முதுகு நிமிர்ந்தது.
இரண்டு வருஷத்தில் முதல்தடவையாக ஒருத்தி
என்னிடம் விற்கப் பார்க்கிறாள்.

“பின் டயர் மொட்டை,” என்றேன்.
“புதுசு முன்னூறுக்குக் கிடைக்கும்.”
“ஹீட்டர் பின்பக்கம் வரவே இல்லை.”
“அவர் தொப்பி போட்டுக்கொள்வார்.”
“கதவுக்கடியில் துரு.”
“உனக்கு மட்டும் இல்லையாக்கும்.”
முக்கால் மணி நேரம்.
விரல் மரத்துப்போனது, விடவில்லை இருவரும்.
பதினாறாயிரத்துக்கு முடிந்தது.
“கொள்ளைக்காரன்,” என்று சாவியை மடியில் போட்டாள்.

வண்டிக்குள் கம்பளத்தில் இரண்டு தடம்,
அவருடைய சக்கரங்கள் அழுத்தி வைத்தவை.
என் நாற்காலி இரண்டு விரல் அகலம்.
அதில் உட்காராது.

போன செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்ப்
பெட்ரோல் போட்டேன்.
கல்லாவில் புதிதாக வந்த ஒரு பெண்.
டப்பாவை இன்னும் எடுக்கவில்லை.
என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.
“உங்கள் அண்ணனா?”

“ஆமாம்,” என்றேன்.
“என்னைவிடக் கொஞ்சம் உயரம்.”

மீதிச் சில்லறை அறுபது சென்ட்.
அவன் வாயில் போட்டுவிட்டு வந்தேன்.
பாங்கில் இன்னும் நாற்பத்தேழு தவணை இருக்கிறது.