காரணத்துக்கான கட்டம்

ஏழு வாங்கினேன்.
வெருலம் சந்தையில், துளையிட்ட அட்டைப் பெட்டியோடு,
மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தேன்.
பக்கத்திலிருந்த பையன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி
"ஆன்ட்டி, பெட்டி பேசுகிறது" என்றான்.
முட்டை விலை ஏறிவிட்டதென்று எல்லோரிடமும் சொன்னேன்.
மகன் பெர்த் போன பிறகு
சாயங்காலத்துக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் எனக்குப் பதிவேட்டு அறை.
யார் வந்தார், யார் போனார், எதனால் போனார்
என்று இருபத்தாறு வருஷமாகக்
கட்டம் கட்டமாக நிரப்புகிறவள்.
கோழியையும் அப்படித்தான் தொடங்கினேன்.
மிச்சமான கைப்பட்டைகளை வெட்டிக்
காலுக்கு ஒரு நிறம்.
ஒரு நோட்டு: தேதி, தீனி, முட்டை, குறிப்பு.

மஞ்சள், செவ்வாய்க்கிழமை.
கம்புக்குக் கீழே, தூங்குவது போல.
ரத்தம் இல்லை. கடி இல்லை.
தூக்கினால் கனம், இரைப்பை நிறையச் சோளம்.
சாகப்போகிற கோழி இப்படிச் சாப்பிடுமா?

பச்சை, அதற்கடுத்த சனி.
கொண்டை மட்டும் கத்தரிக்காய் நிறம்.

வெள்ளை செத்ததா என்றே தெரியாது.
பூட்டு பூட்டியபடி, வலை கிழியாமல்,
ஓர் இறகுகூட விட்டுவைக்காமல்.
மின்வெட்டு இரவு அது. இரண்டு மணி நேரம்
சாட்ஸ்வர்த் முழுக்கக் கரி.
டார்ச் அடித்து எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.
நான்கு, எங்கிருந்து தொடங்கினாலும் நான்கு.

காரணம் சொல்ல ஆள் பஞ்சமில்லை.
தான்டேகா சுவருக்கு மேல் தலை நீட்டி
"மரநாய்தான். ஆற்றோரப் புதரிலிருந்து வரும்.
என் அம்மா வீட்டில் ஒரே ராத்திரி பதினொன்று."
சிந்தாமணி அண்ணி,
கூழ் ஊற்றும் மாதம் நெருங்குவதை நினைவூட்டி,
"சேவல் நேர்ந்துவிட்டு மறந்தாயே,
அம்மன் தானே எடுத்துக்கொள்கிறாள்."
நான் நேர்ந்தது பத்து வருஷத்துக்கு முன்,
மகனுக்கு லைசென்ஸ் கிடைக்க.
இத்தனை வட்டியா?
தீவனக் கடை ராம்பர்சாத் எதுவும் கேட்கவில்லை.
பொட்டலத்தை நீட்டினார். ஐந்து நாள் தண்ணீரில்.
அதுவரையிலும், அதற்குப்பின் ஏழு நாளும்
முட்டை தின்னாதே.
ஆய்வகத்தில் அறுத்துப் பார்க்கலாமாம்,
ஒரு கோழிக்கு மூன்று கோழியின் விலை.

ராத்திரி மாவு தூவினேன்,
திருடன் கால் பதியட்டும் என்று.
விடிந்தபோது குரங்குகள் வந்து போயிருந்தன,
சின்னச் சின்ன உள்ளங்கைகள், ஒளிவு மறைவில்லாமல்.
அவை கூண்டுப் பக்கமே போகவில்லை.
கூண்டு வரை போய்த் திரும்பியது ஒரே தடம்.
என் செருப்பு.

அன்று வேலையிலும் அதே நினைப்பு.
பழைய பூச்சிமருந்து டின் அங்கேதானே இருந்தது?
சோளத்தில் ஈரமோ?
ஒரு கோப்பில், இளம் டாக்டரின் கோணல் எழுத்து:
இறப்புக்குக் காரணம், அறியப்படவில்லை.
அந்தச் சொல்லை எத்தனை தரம் தட்டிவிட்டு
டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

இப்போதெல்லாம் கூண்டைத் திறக்குமுன்
காது வைக்கிறேன்.
உள்ளே யாராவது முணுமுணுத்தால்தான் தாழ்ப்பாளில் கை.

ஞாயிறு, தின்னக்கூடாத முட்டைகள் பதினாறையும்
பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு
கறிவேப்பிலைச் செடிக்குப் பின்னால் போனேன்.
அவற்றைப் புதைத்த இடம்.
நான்கும் எனக்கு முன்பே அங்கே,
புழுவுக்காகக் கிளறிக்கொண்டு.
நீலம் எதையோ கொத்தித் தூக்கி
விழுங்கப் பார்த்து, பிடிக்காமல் கீழே போட்டது.

மஞ்சள் பட்டை.

ஆழம் போதவில்லை.
முதல் கோழி, முதல் குழி, எனக்கு அளவு தெரியாது.
தான்டேகாவிடம் மண்வெட்டி வாங்கி
மறுபடி தோண்டுகிறேன், முழங்கால் வரை, அதற்கும் கீழே.
ஒவ்வொரு வெட்டுக்கும்
நான்கும் விளிம்பில் வந்து நின்று
தலை சாய்த்துப் பார்க்கின்றன,
அடுத்த புழு எப்போது வருமென்று.