அங்கிட்டும் இங்கிட்டும்

இருநூற்றைம்பது என்றார் ஜபருல்லா பாய்.
நூற்றிருபதில் நின்றேன் நான்.
நடுவில் சிம்மக்கல் வெயில்,
ஒரு மாநகராட்சி லாரி,
துருப்பிடித்த கத்திரிகளின் குவியல்.
நூற்றெழுபது.

“சுத்துதா பாய்?”
“நல்லாச் சுத்தும். நிக்கிறதுதான் இல்ல.”

பொய் சொல்லவில்லை மனிதர்.
அங்கிட்டும் வழுக்கியது, இங்கிட்டும் வழுக்கியது.
ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் விட
என்று செய்த ராட்செட்
இரண்டு பக்கமும் விட்டுக்கொடுத்தால்
எங்கள் ஆட்டோ சங்கத்தில்
பொருளாளர் ஆக்கலாம்,
நட்டு கழற்ற ஆகாது.

செல்லூரில் கரண்டு போன மதியம்.
மணமகன் தேவை பக்கத்தை விரித்து
தயிர் டப்பாவில் டீசல் ஊற்றி உட்கார்ந்தேன்.
மூடித் தகட்டில் இரண்டு திருகு.
ஒன்று உடனே வந்தது.
மற்றது தலை மழுங்கி இருந்தது,
எனக்கு முன்பே யாரோ கோபப்பட்ட திருகு.
ஸ்குரூடிரைவர் முதுகில் சுத்தியலால் ஒரே தட்டு.
அரைக்கால் சுற்று.
அப்புறம் வெண்ணெய்.

உள்ளே
கெட்டித்துப் போன கிரீஸ், மணல்,
பாதி எறும்பு.

நெம்புகோலைத் தூக்கியதுதான் தாமதம்,
மிளகளவு குண்டு ஒன்று துள்ளி
எங்கோ ‘டிக்’ என்றது.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டோவின் செத்த ஸ்பீக்கரைக் கழற்றி
அதன் காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தேன்.
ஹேர்பின் மூன்று, சோடா மூடி ஒன்று,
லூர்து மதினி போன மாதம் தேடிய ஊக்கு.
“நூத்தெழுவதுக்கு வாங்கி
முந்நூறுக்கு வேல பாக்குற” என்றாள்,
ஊக்கை வாங்கிச் சேலையில் குத்திக்கொண்டு.

பழைய பிரஷால் துலக்கத் துலக்கப் பல் தெரிந்தது.
எண்ணினேன். முப்பத்தாறு.
என் வாயில் இருப்பதைவிட எட்டு கூட.
ஒன்றுகூடச் சொத்தை இல்லை.
அந்தப் பல்லில் மாட்ட வேண்டிய சின்ன நாக்கு
அழுக்கில் ஒட்டி மேல்வராமல் கிடந்தது.
அதன் அடியில் இருந்தது
பேனா ஸ்பிரிங்.

நம்பவில்லை. துடைத்துப் பார்த்தேன்.
பேனா ஸ்பிரிங்தான்.
மூன்று ரூபாய்ப் பேனாவைத் திறந்து
அளவுக்கு நறுக்கி
நுனியைத் தீயில் காட்டி மடக்கி
வைத்திருக்கிறது ஒரு கை.
பிடியில் கீறியிருந்தது: மா. செ.
அதற்கு மேலே
அரத்தால் ராவி அழித்த இன்னொரு பெயர்.
வாங்கியதா, தூக்கியதா,
சீட்டுப் பணத்துக்கு ஈடாய்ப் பிடுங்கியதா.
இரும்பைக் கேட்டு என்ன செய்ய.

பேனா ஸ்பிரிங்மேல்தான் எனக்குச் சந்தேகம்.
கீழமாசி வீதிக்கு நடந்து
புது ஸ்பிரிங் வாங்கி வந்தேன், பதினைந்து ரூபாய்.
போட்டேன்.
இப்போது அங்கிட்டும் விடவில்லை,
இங்கிட்டும் விடவில்லை.
அவ்வளவு முறுக்கு.

மா. செ.,
நீ யாராக இருந்தாலும் சரி,
அளவு உனக்குத் தெரிந்திருக்கிறது.
பழையதையே எடுத்து வைத்தேன்.

குண்டுக்கு சைக்கிள் கடை தவசியிடம் போனேன்.
ஹேண்டில்பார் டப்பாவைக் கவிழ்த்து
“ஒண்ணுக்குப் போயி காசா” என்றான்.
கிரீஸ் கொஞ்சமாக, கண்மை வைக்கிற அளவுதான்.
அதிகம் அப்பினால் நாக்கு சோம்பும்.
தகடு. திருகு. மழுங்கிய திருகு.

கிர்ர்ரிக்.
கிர்ர்ரிக்.

கரண்டு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.
மதினி இரண்டுமுறை வந்து
வாங்கிச் சுற்றிப் பார்த்தாள்.
மூன்றாம் முறை
எதற்கு வந்தோம் என்று மறந்தவள் மாதிரி வந்தாள்.

ராத்திரி ஒன்பதரைக்குப் பின்சக்கர நட்டில் வைத்தேன்.
முதல் இழுப்பில் முனகியது. இரண்டாவதில் வந்துவிட்டது.

ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டும்போது
காந்தத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது
காலையில் துள்ளிய குண்டு.
மறுபடி யார் திறப்பது.
சில்லறை டப்பாவில் போட்டு வைத்தேன்.

மறுநாள் மாட்டுத்தாவணிச் சவாரியில்
அவசரமாய் இறங்கிய யாருக்கோ
மீதிச் சில்லறையோடு
அதுவும் போய்விட்டது.