சோதனைக் காலம்

ரூவியில், பழச்சாறு கடைக்கு மேல்
இரண்டாம் மாடியில் என் மேசை.
மடிக்கணினியைத் திறந்தால் ஓரத்தில் மஞ்சள் பட்டை:
இன்னும் ஆறு நாள்.
மூன்று மென்பொருள் இறக்கி வைத்திருக்கிறேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி
முதல் வாரம் மூன்றும் நல்ல பிள்ளைகள்.

முதலாவது மாத வாடகை.
நாலு ரியால் சொச்சம், பெரிய தொகையில்லை.
ஆனால் அறை வாடகை, காருக்குத் தவணை,
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
புதுப்பிக்கப்படும் நான்.
கட்டத் தவறினால்
நான் திருத்திய படத்தையே எனக்குப் பூட்டிக் காட்டும்.
கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைவில்லை.
ஒரு பொத்தானில் முகங்களை மெழுகுகிறது;
மண்டபத்தில் இருந்த அத்தனை பெண்களும்
ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆகிவிட்டார்கள்.
நிஜத்திலும் அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரிகள்தான்,
என்றாலும்.

இரண்டாவது ஒரே விலை, ஒரே தடவை.
மருதாணியைத் தக்காளியாக்காது,
பொன்னைப் பொன்னாகவே விடும்.
விலையைப் பார்த்து
மூடிவிட்டேன்,
மறுபடி திறந்து பார்த்தேன்,
குறையவில்லை.

மூன்றாவது தனிஸ்லாஸ் கொடுத்தது. இலவசம்.
வாரம் ஆறு நாள் ஏசி பழுது பார்ப்பவன்,
வெள்ளி விடியலில் அன்சப் நீர்நிலைச் சேற்றில்
பூநாரைக்காக முழங்காலிட்டுக் கிடப்பவன்.
‘இதுல எல்லாம் இருக்குக்கா.
எங்க இருக்குங்கறதுதான் தேடணும்.’
ஒரு கழுத்தின் இளஞ்சிவப்புக்கு
மூன்று ராத்திரி கொடுக்க அவனால் முடியும்.
எனக்கு வியாழன் விசேஷம், ஞாயிறு ஆல்பம்,
ஆயிரத்து நானூறு படம்.

அந்த வியாழன், சீபில், மருதாணி இரவு.
பெண்கள் பக்கம்.
வாசலில் கைபேசிகளை வாங்கி
எண் ஒட்டிய பைகளில் போட்டார்கள்.
உள்ளே போன ஒரே கண்ணாடிக் கண் என்னுடையது.
விருந்து முடிந்ததும் மணப்பெண்ணின் தாய், உம்மு ஹமத்,
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
பாதி இந்தியில் கேட்டாள்:
இதெல்லாம் எங்கே போகும்?
கம்ப்யூட்டருக்கு.
அங்கிருந்து?

எனக்குத் தெரியும்.
முதலாவதின் மூலையில் ஒரு குட்டி மேகம்,
அதன் வயிற்றில் மேல்நோக்கி ஒரு அம்பு.
கேட்காமலே ஏற்றிக்கொள்ளும்.
வருடத்துக்கு நாலு நாள் மழை பெய்தால் அதிகம் என்கிற ஊரில்
அத்தனை பேரின் அவிழ்ந்த கூந்தலும்
ஒரு மேகத்துக்குள்.

‘எங்கேயும் போகாது’ என்றேன்.
சொன்ன பிறகுதான்
அதை உண்மையாக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ரௌட்டரின் வயரைப் பிடுங்கினேன்.
முதலாவது, நீங்கள் யார் என்று கேட்டு நின்றது.
இரண்டாவதுக்கும் அதே சந்தேகம்,
காசு கட்டாதவளிடம் அதற்கு உரிமை உண்டு.
மூன்றாவது
எதுவும் கேட்காமல் திறந்தது.

தனிஸ்லாஸைப் போனில் கூப்பிட்டேன். மணி ஒன்று.
‘படத்தை அனுப்புங்கக்கா, பாத்துச் சொல்றேன்.’
அனுப்ப முடியாதுடா.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஃபேன் சத்தம்.
‘சரி. என்ன நிறம்னு சொல்லுங்க.’
பச்சை. பட்டு. விளக்கு மஞ்சளாக விழுந்து
பாசி மாதிரி ஆகிவிட்டது.
‘வெள்ளை எது இருக்கு அதுல?’
தேடினேன். ஒரு காகிதக் கோப்பை.
‘அதைத் தொட்டுக் காட்டுங்க.
இது வெள்ளைன்னு அதுக்குச் சொல்லிக் குடுங்க.’

தொட்டேன். பாசி விலகி
பச்சை எழுந்து உட்கார்ந்தது.
‘வந்துச்சா?’
வந்துச்சு.
அவன் பார்க்கவில்லை, பார்க்கவும் போவதில்லை.
‘நல்லாருக்கா?’ என்று மட்டும் கேட்டான்.

முன்னூற்றுப் பன்னிரண்டாவது படத்தில்
உம்மு ஹமத் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
மேசைக்கடியில் பாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறாள்.
வாய் லேசாகத் திறந்திருக்கிறது.
அதில் எதையும் தொடவில்லை.
ஆல்பத்தில் வைக்கலாமா என்று
அவளைத்தான் கேட்க வேண்டும்.