எட்டு நாற்பது நடை

பொங்கல் முடிந்த ஞாயிறு.
ஆரப்பாளையம் நிலையத்தில் தரை தெரியவில்லை.
கரும்புச் சக்கை, கட்டைப்பை, மஞ்சள் கொத்து,
பையின் மேல் தூங்கும் கைக்குழந்தை
எல்லாம் தாண்டி
டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வருகிறது
ஆயிரம் வாயில் ஒரே கேள்வி:
திருப்பூருக்கு எப்ப சார்?

மேசைமேல் மேலிடத்துத் தாள்.
சென்ற ஆண்டைவிடப் பதினைந்து விழுக்காடு
சிறப்புப் பேருந்துகள் கூட்டி இயக்குக.
கூட்டலாம்.
தாளில் கூட்டுவதற்கு டீசல் வேண்டாம்,
ஓட்டுநர் வேண்டாம்.
பணிமனையில் இருப்பது
ஆனியிலும் அறுபத்திரண்டு
தையிலும் அறுபத்திரண்டு.
அதில் மூன்று எஃப்.சி.க்குப் போய்
பெயின்ட் காயாமல் நிற்கின்றன.

வைகையைப் பற்றி யோசித்திருக்கிறேன்.
வருஷத்தில் முந்நூறு நாள்
ஆடு மேயும், கிரிக்கெட் நடக்கும்.
ஆனாலும் பாலத்தை வெள்ளத்துக்குத்தான் கட்டினார்கள்.
பஸ்ஸை மட்டும் மணலுக்கு அளந்து வாங்கிவிட்டு
வெள்ளத்தன்று என்னைக் கூப்பிடுகிறார்கள்.

எங்கிருந்தாவது பிடுங்க வேண்டும்.
கூட்டமில்லாத தடம் தேடி
விரல் சார்ட்டில் இறங்கியது.
முத்தாண்டிகுளம், செக்கானூரணி வழி.
எட்டு நாற்பது. கடைசி நடை.
சராசரி பதினெட்டுப் பேர்.
பதினெட்டின் மேல் சிவப்புக் கோடு போட்டேன்.
கோடு நேராகத்தான் வந்தது.

போர்டைக் கழற்றியபடி ஒச்சப்பன் சொன்னான்:
ஒட்டன்சத்திரம் தாண்டி நான் போனதில்லண்ணே.
முன்னால போற வண்டியோட சிவப்பு லைட்டைப்
பிடிச்சுக்கிட்டே போ என்றேன்.
கண்ணாடியில் சாக்பீஸால் யாரோ எழுதினார்கள்: திருபூர்.
ஒற்று விடுபட்டதைப் பற்றிக் கவலைப்படாமல்
எழுபத்தோரு பேர் ஏறினார்கள்.

மூன்றாவது ஜன்னலில்
பனியன் கம்பெனிக்குத் திரும்புகிற பெண்
முன் சீட்டின் முதுகைத் தடவிச் சிரித்தாள்.
ஏய், இது நம்ம ஊர் வண்டிடீ.
பத்தாப்பு படிக்கையில நான் காம்பஸால கீறுனது.
பக்கத்தில் இருந்தவள் செல்போன் வெளிச்சம் பிடித்தாள்.
துருவுக்குள் இருந்தது
ஆ. பேச்சி.

எட்டரைக்கு வண்டி நகர்ந்தது.
அஞ்சு நிமிஷத்தில் அந்தப் பதினெட்டுப் பேர் வந்தார்கள்.
சராசரி போல ஒருவரும் இல்லை.
பூ மார்க்கெட்டிலிருந்து வெறுங்கூடையோடு விருமாயி,
எக்ஸ்ரே உறையை மடங்காமல் பிடித்தபடி ஒருவர்,
ஹோட்டலில் மாவாட்டும் அண்ணன் தம்பி,
மற்றவர்களை எண்ணுமுன் குனிந்துகொண்டேன்.

எங்க வண்டி எங்க சார்?
ஸ்பெஷலுக்குப் போயிருச்சும்மா.
அப்ப நாங்க யாரு என்பாள்,
அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன்.
விருமாயி கேட்டது வேறு:
எம்மகளும் இன்னைக்குத்தான் திருப்பூர் போறா.
அந்த வண்டியில உக்கார எடம் இருந்துச்சா?

மகள் பெயரைக் கேட்டிருக்கலாம்.
அதற்குள் கோவை வண்டி உள்ளே திரும்ப
ஜன்னல் வழியாகக் குழந்தைகளை ஏற்றினார்கள்,
நான் விசிலோடு ஓடினேன்.

பதினெட்டுப் பேரையும்
உசிலம்பட்டி வண்டியில் நிற்க வைத்து அனுப்பினேன்.
செக்கானூரணியில் இறங்கினால் மிச்சம் ஆறு கிலோமீட்டர்.
ஷேர் ஆட்டோ இருந்தால் உண்டு.
இருந்ததா என்று எந்தச் சார்ட்டிலும் இல்லை.

காலை ஏழேகாலுக்கு ஒச்சப்பன் திரும்பினான்.
இருநூறு கிலோமீட்டர்
காலி சீட்டுகளை ஏற்றி வந்திருந்தான்.
கண் இரண்டும் மிளகாய்.
வசூல் கட்டத்தில், போக: நிரம்பியது. வர: பூஜ்யம்.
அவனைப் படுக்கச் சொல்லிவிட்டு
வேறு ஆளைப் போட்டு
அதே வண்டியை முத்தாண்டிகுளத்துக்கு விட்டேன்.
பனியில் பாதி கரைந்த சாக்பீஸ் எழுத்தைத்
துடைக்க நேரமில்லை.
திருபூர் என்ற நெற்றியோடு
அது கண்மாய்க்கரையில் திரும்பியிருக்கும்.

சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம்.
அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு
எந்தத் தடத்தில் கை வைக்கலாம் என்று
இப்போதே விரல் தேடுகிறது.
சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது.
புதிது கேட்டு எழுத வேண்டும்
மேலிடத்துக்கு,
மூன்று பிரதிகளில்.