எடைமேடை

மில்லுக்கு வரும் லோரி இரண்டு முறை எடைமேடை ஏறும்,
குலையோடு ஒருமுறை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் ஒருமுறை.
நடுவில் குறைந்த எடைக்குத்தான் காசு.
பதினொரு வருசமாய் அதைத்தான் எழுதுகிறேன்.

ஐந்தரைக்கு மேல்
புக்கிட் கெலாடி காற்பந்துச் சங்கத்தின் பொருளாளர்.
அங்கேயும் கிட்டத்தட்ட இதே கணக்கு:
பதினாறு வயதில் வாங்கு, இருபதில் விற்றுவிடு,
முட்டி போவதற்குள்.
டிக்கெட் காசு புல் வெட்டவே காணாது.
திடலில் இருப்பதெல்லாம் விற்ற பையன்கள்தான்.
கிழக்கு மூலை விளக்குக் கம்பம், சசிதரன்.
ஒழுகாத கழிவறைக் கூரை, ஃபைசால்.
இரண்டே மாதம் ஓடிப் புகைந்துபோன தண்ணீர் மோட்டார்
ஒரு கோல்கீப்பர்.
பெயர் மறந்துவிட்டது, நோட்டைப் பார்த்தால் தெரியும்.

இந்த வருசம் கவினேஷ்.
வலது ஓரத்தில் அவன் பந்தோடு கிளம்பினால்
ஒட்டுக்கடைச் சட்டியில் மீ கோரெங் தீய்ந்துபோகும்.

நான்தான் ஆரம்பித்தேன்.
தே தாரே ஆறுவதற்குள் டயர் கடை மாசிலாமணியிடம் சொன்னேன்:
"யார்கிட்டயும் சொல்லாதீங்க, கேஎல்லேருந்து கேட்டுட்டாங்க."
சொல்லாதே என்பதுதான் எங்கள் ஊரில் தபால்தலை.
வெள்ளிக்கிழமை அது ஜொகூர் ஆனது.
சனிக்கிழமை தாய்லாந்து.
ஞாயிறு மாரியம்மன் கோயிலில் ஒருவர் என்னிடமே வந்து
"ஒங்களுக்குக்கூடச் சொல்லலையா?" என்று வருத்தப்பட்டார்.
நானும் பாதி நம்பிவிட்டேன்.
கவினேஷின் அம்மா தவணைக்கு சோபா எடுத்தார்.
வாசலில் நுழையவில்லை.
சன்னல் கம்பியைக் கழற்றி உள்ளே ஏற்றினார்கள்.

ஒருவழியாய் வந்தது ஒரு வெள்ளைக் கார்.
பினாங்குக்காரர். வெயிலிலும் குடையை விரிக்காமல்
தொண்ணூறு நிமிடமும் நின்றே பார்த்தார்.
கவினேஷ் இரண்டு கோல்.
"நல்லா ஆடுறான் லா" என்றார்.
"அந்த மூணாம் நம்பர் யாரு?"

மூன்றாம் நம்பர் புவனேந்திரன், இடதுபக்கப் பின்காவல்.
அவனைப் பற்றி யாரும் எதையும் கட்டிவிட்டதில்லை,
நான் உட்பட.
நோட்டில் அவன் பெயருக்கு நேரே
பூட்ஸ் ஒரு ஜோடி, பிய்ந்ததைத் தைத்த கூலி ஆறு வெள்ளி.
"எவ்ளோ?"
வாயில் வந்ததைச் சொன்னேன்.
எட்டாயிரத்து நானூற்று இருபது.
மனிதர் பேரம் பேசவில்லை.
கை குலுக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.
ராத்திரி பல் விளக்கும்போதுதான்
அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது.
அன்றைக்குக் கடைசி லோரி.
சுமையை இறக்கிய பிறகு.

உரச் சாக்கைத் துவைத்து அதில் துணி கட்டிக்கொண்டு
நேற்று பஸ் ஏறினான்.
"நெஜமா நானாக்கா? பேரு மாறிப் போயிருக்காதே?"
மூன்று தடவை கேட்டான்.
வடிகாலுக்கு சிமெண்ட் வந்து இறங்கிவிட்டது.

கவினேஷ் பகலில் எங்கள் மில்லில்தான், குலை ஏற்றும் வேலை.
வதந்தியைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
இன்று லோரி இல்லாத நேரம் பார்த்து
எடைமேடை நடுவில் போய் நின்றான்,
அத்தனை பெரிய இரும்புத் தளத்தில்
தொலைந்த ஒற்றைச் செருப்பைப் போல.
"என்ன காட்டுதுக்கா?"

இருபது கிலோவுக்குக் கீழே அதற்குப் பிரிக்கத் தெரியாது.
அறுபது என்றது.
எண்பது.
மறுபடி அறுபது.
"அசையாம நில்லு" என்றேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது.