பின்னால் வருவது

மண்டபத்தில் கயிற்றை அவிழ்க்கும்போதே லியோன் சொன்னார்:
"தண்ணியில இது குதிரை. தரையில கன்னுக்குட்டி.
இழுத்த பக்கம் வராது தம்பி."

இருபத்திரண்டு அடி ஃபைபர் படகு.
மூக்கில் நீலத்தில் ஆரோக்கிய மாதா,
அதற்குக் கீழே பாதி உரிந்த பதிவு எண்.
என் பிக்கப் அதைவிடக் குட்டை.
ட்ரெய்லரைத் தாண்டி வால் இரண்டரை அடி நீட்டியது.
மொக்கராசு தன் சிவப்புத் துண்டை அதில் கட்டினான்,
காலையில் வாங்கிய புதுத் துண்டு.
காசு கேட்பான், தெரியும்.

நெல் ஏற்றியிருக்கிறேன்,
கல், கதவு, பந்தல் சாமான், ஒருமுறை வாடிவாசல் காளை.
எல்லாம் என் முதுகில் ஏறி வந்தவை.
இது ஏறாது.
உருண்டைக் கொக்கியில் கழுத்தை மாட்டிக்கொண்டு
தன் இரண்டு சக்கரத்தில் தானே வருகிறது,
எனக்கு ஒரு நொடி பிந்தி.

ராமநாதபுரம் தாண்டி, அறுபதில்,
வால் ஆடத் தொடங்கியது.
முதலில் அது மட்டும். பிறகு என்னையும் சேர்த்து.
பிரேக்கில் கால் போகக் கூடாது.
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி
ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு
சும்மா இருந்தேன்.
சும்மா இருப்பது
என் கைகளுக்குத் தெரியாத வேலை.

ஓரங்கட்டி, பின்னால் கிடந்த நங்கூரத்தையும் டீசல் கேனையும்
மூக்குப் பக்கம் மாற்றினோம்.
கொக்கியில் பாரம் கொஞ்சம் அமுங்க வேண்டும்.
மொக்கராசு ஏறி நின்று குதித்துப் பார்த்தான்.
அமுங்கியது.
அப்புறம் ஐம்பதைத் தாண்டவில்லை.

டோல்கேட்டில் அந்தப் பெண் எட்டிப் பார்த்து,
"எத்தனை அச்சு?"
"வண்டிக்கு ரெண்டு, ட்ரெய்லருக்கு ஒண்ணு."
"படகுக்கு?"
"படகுக்கு ஏதும்மா அச்சு."
அவள் திரையில் படகுக்குக் கட்டம் இல்லை.
பின்னால் தேங்காய் லாரி
ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

திருப்புவனம் டீக்கடையில் ஒருவர் நெத்திலி இருக்கா என்றார்.
மொக்கராசு உள்ளே துழாவி
காய்ந்த செதில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

விரகனூர்ப் பாலம்.
கீழே மணல், கருவேலம், ஒரு கோடு தண்ணீர்,
அதில் துணி துவைக்கும் இரண்டு பேர்.
படகைப் பார்த்து ஒருத்தி நிமிர்ந்து கத்தினாள்:
"தண்ணி எப்பண்ணே விடுறாங்க?"
எங்களுக்குத் தகவல் தெரியும் என்று
நினைத்திருக்கிறாள்.

பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம்.
வண்டிக்கு நாலு, ட்ரெய்லருக்கு ரெண்டு.

வண்டியூர்க் கண்மாய்க் கரைக்கு வரும்போது இருட்டிவிட்டது.
டெண்டர் எடுத்த ஜபருல்லா மூன்று டார்ச்சோடு நின்றார்.
ரிவர்ஸில் இடது ஒடித்தால் வலது போகிறது,
வலது ஒடித்தால் மடிந்து பம்பரில் இடிக்கிறது.
லெஃப்ட் என்று நாலு பேர், ரைட் என்று நாலு பேர்.
கிளட்ச் தீய்ந்த வாசம்.
பதினோராவது தடவை இறங்கி
லியோனுக்குப் போன் போட்டேன்.
அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
"கையை ஸ்டியரிங்குக்கு அடியில வை.
மேல வைக்காத.
அடியில வச்சா, கை போற பக்கம் அது போகும்."

வைத்தேன்.
போயிற்று.

ட்ரெய்லர் சக்கரம் மூழ்கியது, பிறகு மட்கார்டு,
பிறகு ஒரு கணம்
வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லாதது மாதிரி
கொக்கி மேலெழும்பியது.

"மிதக்குதா?" போன் இன்னும் அணையவில்லை.
"மிதக்குது. ஆனா தாழ்ந்து நிக்கிற மாதிரி இருக்கு."
"நல்ல தண்ணியில கொஞ்சம் அமுங்கித்தான் நிக்கும்."
கை கழுவும் சத்தம் கேட்டது.
"பழகிரும்."

திரும்பும்போது வெறும் ட்ரெய்லர்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளி விழுந்தது,
பேச முடியவில்லை.
ரிங் ரோட்டில்தான் மொக்கராசுக்கு நினைவு வந்தது:
துண்டு படகோடு போய்விட்டது.
இருநூறு என்றான்.
நூற்றிருபதுக்கு மேல் இருக்காது.