எர்த் குழிக்குத் தண்ணீர்

ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி பஸ்ஸில்
வால்வு நான்கையும் ஸ்வெட்டரில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்,
பிள்ளைத்தாய்ச்சி மாதிரி.
கண்டக்டர் கேட்டார்:
முட்டையா?

நாகலூர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் அருளப்பன்
ஆம்ப்ளிஃபயரை விற்றபோது ஒன்றுதான் சொன்னார்.
'சூடேற இருபது நிமிஷம் விடுங்க.'
ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விலை ஏறியிருக்கும்.

வீடு குகையில்.
சுவருக்கு அந்தப் பக்கம் பச்சியப்பனின் எட்டுத் தறி.
ஒன்பது மணிக்கு அவை அடங்கிய பின்னும்
ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல் மிஞ்சியது.
ம்ம்ம் என்று,
வாயைத் திறக்காமல் யாரோ மறுப்பதுபோல.

கேபிள் மாற்றினேன்.
விலையில் ஒரு சைபரை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.
'அவ்வளவுதானா? எனக்கும் ஒண்ணு வாங்குங்க,
துணி காயப்போட' என்றாள் கமலவேணி.

பிறகு கொல்லையில் எட்டடிக்குக் குழி.
கல்லுப்பு, அடுப்புக்கரி, நடுவில் செப்புத் தகடு.
யாருக்குச் செய்வினை என்று
பச்சியப்பன் மனைவி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
ஈரம் வற்றினால் இரைச்சல் திரும்பிவிடும்.
தினம் ஒரு குடம் ஊற்றுகிறேன்.
பக்கத்தில் மல்லிகை வாடி நிற்கிறது.

சோதித்துப் பார்க்க எனக்கு ஒரே பதிவு.
வீணை, சஹானா,
முதல் தொண்ணூறு நொடி.
நகம் தந்தியைத் தொடும் உராய்வு.
பதினேழாம் நொடியில் வாசிப்பவர் மூச்சிழுப்பது.
ஐம்பத்திரண்டில், சபையில் எங்கோ ஒரு நாற்காலி.
இடப்பக்கம், மூன்றாம் வரிசை,
அதுகூட எனக்குத் தெரியும்.
அதற்குள் எழுந்து
ஸ்பீக்கரை அரை அங்குலம் திருப்புவேன்.
மறுபடி முதலிலிருந்து.

அந்த மூச்சு பொய்யில்லை.
முதன்முதலாக அது காதில் விழுந்த இரவு
விளக்கைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
செத்துப்போன ஒருவர் என் அறையில்
காற்றை உள்ளே இழுத்தார்.
அதற்காகத்தான் இத்தனையும் என்று
அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும்தான்.
ஆனால் ஆறு வருஷமாக
வீடு தேடி வந்த விருந்தாளியை
வாசலில் நிறுத்தி
செருப்பின் தையலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆடியில்,
வண்டி வேடிக்கை முடிந்த மறுநாள்.
குகை முழுக்க ஒரு தறி ஓடவில்லை.
நான் குடத்தோடு குழியடியில்.
உள்ளே கமலவேணி செட்டைப் போட்டாள்.
இருபது நிமிஷம் விடவில்லை.
நான் சாக்பீஸால் வட்டமிட்ட இடத்தில் உட்காரவில்லை.
சமையல்கட்டில் சின்ன வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

தொண்ணூறு நொடி போயிற்று.
நூறு.
யாரும் எழுந்து நிறுத்தவில்லை.

சஹானா மெதுவாகப் படியிறங்கி
நான் போகாத ஓர் அறைக்குள் திரும்பிற்று.
அங்கே வெகுநேரம் இருந்தது.
பிறகு தானம்.
அதில் தானம் உண்டென்றே எனக்குத் தெரியாது.
தெரிந்தவள் உள்ளே இருந்தாள்:
அடுத்த பிடி வருமுன்னே அதை முணுமுணுத்தாள்,
வெங்காயத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
நான் ஆபீஸ் போன பிறகு
எத்தனை பகல் கேட்டிருப்பாள்?

குழி நிரம்பி
கரித்தண்ணீர் கால்விரல் நடுவே ஓடியது.
சுவர் தாண்டி வருகையில்
மந்தரத் தந்தி கொஞ்சம் அதிகமாய் உருள்கிறது.
அடியில் அந்த இரைச்சல் இன்னும் இருக்கிறது,
சட்ஜத்துக்கு ஓர் இழை கீழே.
குடத்தை வைத்த சத்தம் கேட்டு
'நிறுத்திடவா?' என்றாள்.

வேண்டாம் என்றேன்.
மூலையில் ஒரு ஜமுக்காளம் தொங்கவிட்டால்
எத்தனை அடி வேண்டியிருக்கும் என்று
மனசு முழம் போட்டுக்கொண்டிருந்தது,
தானத்தின் காலப்பிரமாணம் தப்பாமல்.